தலைக்குள் இரைச்சல், உள்ளத்தில் அமைதி
புனித அவிலா தெரேசாவின் வாழ்விலிருந்து ஒரு சிந்தனை



வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். தொலைக்காட்சி அணைந்துவிட்டது. தெருவில் வண்டிச் சத்தமும் அடங்கிவிட்டது. நாள் முழுவதும் கிடைக்காத அமைதி இப்போதாவது கிடைத்ததே என்று செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு அமர்கிறோம். அப்போதுதான் அது தொடங்குகிறது. காதுக்குள் ஒரு சில்வண்டு கத்துவதுபோல, தூரத்தில் ஏதோ இயந்திரம் ஓடுவதுபோல, விடாமல் ஓர் இரைச்சல். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால், அப்படி எதுவும் கேட்கவில்லையே என்கிறார். வெளியே இல்லாத சத்தம், ஆனால் நமக்கு மட்டும் ஓயாத சத்தம்!

காது இரைச்சலால் அவதிப்படுகிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வெளியில் காயம் தெரியாது, காய்ச்சலும் இருக்காது. எனவே வீட்டாருக்கும் இதன் வேதனை எளிதில் புரிவதில்லை. உறக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது, செபத்தில் மனம் ஒன்றவில்லை. இனி வாழ்நாளெல்லாம் இப்படித்தானா என்ற அச்சம் வருகிறது. சிலர் இது தங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையோ என்றுகூட எண்ணிக் கலங்குகிறார்கள்.

ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த ஒரு துறவியும் இப்படிப்பட்ட இரைச்சலோடு வாழ்ந்தார். அந்த இரைச்சலின் நடுவில் அமர்ந்துதான் உலகம் போற்றும் ஒரு செப நூலை எழுதி முடித்தார். அவர்தான் புனித அவிலா தெரேசா. அவரது வாழ்வின் இந்தப் பக்கத்தை இன்று நாம் சற்று சிந்திப்போம்.

நோயோடு வளர்ந்தவர்

தெரேசா 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பிறந்தார். தந்தை பெயர் அலோன்சோ, தாய் பெயர் பெயாத்ரிஸ். சிறுமியாக இருந்தபோதே மறைசாட்சியாக இறந்து விண்ணகம் போக வேண்டும் என்று அண்ணன் ரொத்ரிகோவையும் அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்ட துணிச்சல்காரி அவர். பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே தாயை இழந்தார். 1535ஆம் ஆண்டு, தமது 20ஆம் வயதில், அவிலா நகரின் மனுவுருவேற்பு கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

சேர்ந்த சில ஆண்டுகளிலேயே கடும் நோய் அவரைத் தாக்கியது. தந்தை அவரை பெசேதாஸ் என்ற ஊருக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த நாட்டு வைத்தியம் செய்யும் பெண்ணிடம் காட்டினார். அந்த வைத்தியம் நோயைக் குறைக்கவில்லை, கூட்டியது. 1539ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தெரேசா நான்கு நாட்கள் நினைவிழந்து கிடந்தார். இறந்துவிட்டார் என்றே எண்ணினார்கள். மடத்தில் அவருக்காகக் கல்லறைக் குழியும் வெட்டிவைத்தார்கள். கண் விழித்தபோது தம் இமைகளின்மேல் மெழுகு ஒட்டியிருந்ததை அவர் உணர்ந்தார். அதன்பின் மூன்று ஆண்டுகள் அளவுக்குக் கை கால் முடங்கிய நிலை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ முடிந்த நாளில், அதற்கே இறைவனுக்கு நன்றி சொன்னார்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? புனிதர்கள் என்றால் உடல் வலி தெரியாதவர்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தெரேசாவோ வாழ்நாள் முழுவதும் ஏதாவது ஒரு நோயோடு நடந்தவர். ஏறக்குறைய 20 ஆண்டுகள் காலைதோறும் வாந்தியால் அவதிப்பட்டு, நண்பகல் கடந்தே உணவு உண்டவர். உடல் எப்போது சரியாகும், அதன்பின் பணியைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் அவர் எதையும் தொடங்கியிருக்க மாட்டார்.

அமைதிக்காக இல்லங்கள் அமைத்தவர்

1562ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், அவிலாவில் புனித யோசேப்பு மடத்தை அவர் தொடங்கினார். பெரிய மடங்களின் கூட்டமும் பேச்சும் வருகையாளர் நெரிசலும் இல்லாமல், சிலரே சேர்ந்து எளிமையாகவும் மௌனத்திலும் செபித்து வாழும் இல்லமாக அது இருக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். 1576ஆம் ஆண்டுக்குள் இப்படிப் பன்னிரண்டு மடங்கள் உருவாயின. கரடுமுரடான சாலைகளில் மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதை மீதும் வெயிலிலும் மழையிலும் பயணம் செய்து அவர் இந்தப் பணியைச் செய்தார்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிறருக்காக மௌனத்தின் இல்லங்களைக் கட்டியவர் அவர். ஆனால் முதுமையில், அவரது தலைக்குள்ளேயே மௌனம் இல்லாமல் போயிற்று!

இரைச்சல் வந்த ஆண்டு

அது 1577ஆம் ஆண்டு. தெரேசாவுக்கு 62 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவரது சீர்திருத்தத்துக்குச் சபைக்குள்ளேயே கடும் எதிர்ப்பு. இனிமேல் பயணம் செய்யக்கூடாது, ஏதாவது ஒரு மடத்திலேயே தங்கிவிட வேண்டும் என்ற கட்டளையின்படி, அவர் தொலேதோ நகர மடத்தில் இருந்தார். நேரில் போக முடியாததால் எல்லாவற்றையும் மடல் வழியாகவே கவனிக்க வேண்டியிருந்தது. மடத்துத் தலைவிகளுக்கும், குருக்களுக்கும், ஆதரவாளர்களுக்கும், உறவினருக்கும் என இரவு வெகுநேரம் விழித்திருந்து எழுதினார். அவர் எழுதியவற்றில் 400க்கும் மேற்பட்ட மடல்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன என்றால், அவர் கை எவ்வளவு உழைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் அவரது உடல் தளர்ந்தது. தலையில் பெரும் இரைச்சலும் பலவீனமும் உண்டாயின. தென்னமெரிக்காவிலிருந்து திரும்பி அவிலாவில் வாழ்ந்த தம் தம்பி லொரென்சோவுக்கு எழுதிய மடல்களில் அவர் இதை மறைக்காமல் சொன்னார். அளவுக்கு மீறி எழுதியதே தம்மை இப்படி ஆக்கியது என்று உணர்ந்தார். நள்ளிரவுக்கு மேல் எழுதக்கூடாது, சில வேளைகளில் பிறர் கையால் எழுதுவிக்க வேண்டும் என்று மருத்துவர் கட்டுப்பாடு விதித்ததையும் தம்பியிடம் தெரிவித்தார்.

இந்த நிலையில்தான் ஒரு புதிய பணி வந்து சேர்ந்தது. அவர் தம் வாழ்க்கையைப் பற்றி முன்பு எழுதிய நூல் அப்போது திருச்சபை விசாரணை மன்றத்தின் கையில் இருந்தது. எனவே செபத்தைப் பற்றி வேறொரு நூல் எழுதுமாறு ஜெரோம் கிராசியான் அடிகளார் அவரைக் கேட்டுக்கொண்டார். தெரேசாவுக்கு ஆன்ம குருவாக இருந்த வெலாஸ்கெஸ் அவர்களும் அதையே விரும்பினார். தெரேசா தயங்கினார். எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள், தம்மை நூல் நூற்கவும் மற்றச் சகோதரிகளோடு செபிக்கவும் விட்டுவிடுங்கள், எழுதத் தமக்கு உடல்நலமும் இல்லை, தலையும் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார். ஆயினும் கீழ்ப்படிந்தார். 1577ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், மூவொரு கடவுள் பெருவிழா அன்று, எழுதத் தொடங்கினார். அதுவே 'அகக்கோட்டை' என்னும் நூல். அதன் முன்னுரையிலேயே, மூன்று மாதங்களாகத் தலையில் இரைச்சலும் சோர்வும் இருப்பதால் கட்டாயமான அலுவல்களுக்காக எழுதுவதுகூடக் கடினமாயிருக்கிறது என்று ஒளிவுமறைவின்றிக் குறிப்பிட்டார்.

ஆறுகளும் பறவைகளும்

மனித ஆன்மாவைப் பல அறைகள் கொண்ட ஒரு பளிங்குக் கோட்டையாக அந்த நூல் காட்டுகிறது. நடு அறையில் இறைவன் வீற்றிருக்கிறார். ஏழு உறைவிடங்களைக் கடந்து ஆன்மா அவரிடம் செல்கிறது. நான்காம் உறைவிடத்தைப் பற்றி எழுதும்போது தெரேசா திடீரென்று தம் தலைக்குள் நடப்பதை விவரிக்கிறார். நிறைய ஆறுகள் பெருக்கெடுத்துப் பாய்ந்து வீழ்வதுபோல ஓர் ஓசை. அதோடு பல சிறு பறவைகள் கத்துவதுபோலவும் சீழ்க்கை அடிப்பதுபோலவும் இன்னோர் ஓசை. அது காதுகளில் அல்ல, தலையின் மேற்பகுதியில் கேட்பதாக உணர்ந்தார்.

இன்று மருத்துவர்கள் 'டின்னிடஸ்' என்று அழைக்கும் காது இரைச்சலைப் பற்றி நோயாளிகள் சொல்வதோடு இது மிகவும் ஒத்திருக்கிறது. நீர் பாயும் ஓசை, வண்டின் ரீங்காரம், விசில் சத்தம் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். சிலருக்கு ஒரு காதில், சிலருக்கு இரு காதுகளிலும், சிலருக்குத் தலைக்குள்ளேயே கேட்கிறது. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின் தெரேசாவுக்கு இருந்த நோய் இதுதான் என்று நாம் தீர்ப்புக் கூற முடியாது. ஆனால் அவர் அனுபவித்ததை இன்று அனுபவிக்கிறவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வியப்பான செய்தி இனிமேல்தான் வருகிறது. இவ்வளவு இரைச்சல் இருந்தும், அது தம் செபத்தையும் தாம் எழுதிக்கொண்டிருந்ததையும் தடுக்கவில்லை என்று அவர் கண்டுகொண்டார். தலையில் இரைச்சல் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. ஆன்மாவோ தன் அமைதியிலும் அன்பிலும் தெளிவிலும் நிலைத்திருந்தது. அப்படியானால் இரைச்சல் கேட்கும் இடம் வேறு, ஆன்மா இறைவனோடு தங்கும் இடம் வேறு! செபத்தின்போது எண்ணங்கள் அலைபாய்வதைக் குறித்துப் பல ஆண்டுகள் வருந்தியவர் அவர். அந்த அலைச்சலும் இந்த இரைச்சலைப் போன்றதே என்பது அவருக்கு இப்போது விளங்கியது. இதை நன்கு புரிந்துகொள்வதற்காகவே ஆண்டவர் இந்தத் தலை நோயைக் கொடுத்திருக்கலாம் என்றுகூட எண்ணினார்.

அவர் காட்டும் உவமை நமக்கு நன்றாகப் புரியும். மாவு அரைக்கும் ஆலை சடசடவென்று ஓசை எழுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் அரைப்பேன் என்று யாராவது சொல்வார்களா? ஆலை சத்தமிடட்டும், நாம் நம் மாவை அரைத்துக்கொண்டிருப்போம் என்பதுதான் அவரது வழி. தம் சகோதரிகளுக்கும் அவர் அதையே கற்றுக்கொடுத்தார்.

சத்தத்தின் நடுவில் எழுதிய நூல்

எழுதுவது எளிதாக இருக்கவில்லை. ஜூன் 18ஆம் நாள், சீர்திருத்தத்துக்கு ஆதரவாயிருந்த திருத்தந்தையின் தூதர் ஒர்மனேத்தோ இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் தெரேசாவுக்கு எதிரான மனநிலையோடு வந்தார். ஜூலை மாதத்தில் தெரேசா மடத்து அலுவலாக அவிலாவுக்குப் போக வேண்டியதாயிற்று. எழுத்து பாதியில் நின்றது. மீண்டும் எடுத்தபோது, ஐந்தாம் உறைவிடத்தில், தொடங்கி ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கத் தலை இடம் கொடுக்கவில்லை, ஆகவே எல்லாம் ஒழுங்கின்றி இருக்கும் என்று வாசகரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல எழுதினார். எனினும் 1577ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அவிலாவில் அந்த நூலை முடித்தார். அவர் கைப்பட எழுதிய பிரதி இன்றும் செவில்லி நகரக் கார்மேல் மடத்தில் பாதுகாக்கப்படுகிறது.

சோதனைகள் அத்தோடு முடியவில்லை. டிசம்பர் 2ஆம் நாள் இரவு அவரது உடன் உழைப்பாளரான சிலுவை யோவான் பிடிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின இரவு தெரேசா மடத்துப் படிக்கட்டில் விழுந்து இடக்கையை முறித்துக்கொண்டார். அந்தக் கை பின்னர் முழுமையாகக் குணமாகவே இல்லை. உடை உடுத்தவும் பிறர் உதவி தேவைப்பட்டது. ஆயினும் 1580ஆம் ஆண்டு மீண்டும் பயணம் தொடங்கினார். வில்லனுவேவா, பலென்சியா, சோரியா, பூர்கோஸ் ஆகிய ஊர்களில் மடங்கள் எழுந்தன. 1582ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு ஆல்பா தெ தோர்மஸ் ஊரில் இறைவனடி சேர்ந்தார். அன்றோடு பழைய நாட்காட்டி முடிந்து, அடுத்த நாளே அக்டோபர் 15 ஆயிற்று. அந்த நாளில்தான் இன்று அவரது திருவிழாவைக் கொண்டாடுகிறோம். 1622இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை, 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

நமக்கு அவர் கற்பிக்கும் பாடங்கள்

முதலாவது, நோயை நோய் என்றே அழைத்தார். இறைவனின் குரலைத் தம் உள்ளத்தில் கேட்டதாக எழுதியவர் தெரேசா. அப்படிப்பட்டவர் தலைக்குள் கேட்ட இந்த ஓசையை அதிசயமாக்கவில்லை, தெய்வீகக் குரல் என்று சொல்லவில்லை. இது தலையின் நோய் என்று எளிமையாகச் சொன்னார். நாமும் காது இரைச்சலைப் பாவத்தின் தண்டனை என்றோ, யாரோ வைத்த ஏவல் என்றோ எண்ணத் தேவையில்லை. உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் வயதாலோ, பேரிரைச்சலாலோ, சில மருந்துகளாலோ பழுதடையும்போது, வர வேண்டிய ஒலி குறைகிறது. அதை ஈடுசெய்ய மூளை தன் கவனத்தைக் கூட்டும்போது இல்லாத ஓசை கேட்கிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். சில வேளைகளில் காதில் அடைத்த அழுக்கே காரணமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, அவர் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார், மருத்துவருக்கும் செவிகொடுத்தார். சின்னச் சின்ன வலிகளுக்கெல்லாம் முறையிடாதீர்கள் என்று சகோதரிகளுக்குக் கற்பித்தவர் அவர்தான். ஆனால் உண்மையான நோய் என்றால் சொல்லிவிட வேண்டும் என்றும், நோயுற்றவர்களை மிகுந்த அன்போடு கவனிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். எனவே காது இரைச்சல் உள்ளவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனையும் சோதித்துக்கொள்வது நல்லது. திடீரென்று காது கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ, தலைசுற்றல் இருந்தாலோ காலம் தாழ்த்தக்கூடாது. அதிலும் திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

மூன்றாவது, உடலுக்கு உரிய ஓய்வை மறுக்கக்கூடாது என்று அறிந்திருந்தார். 'அகக்கோட்டை' நூலின் அதே நான்காம் உறைவிடத்தில், எட்டு மணி நேரம் மயக்கம்போன்ற நிலையில் இருந்து அதைப் பேரின்பச் செபம் என்று எண்ணிய ஒருவரைப் பற்றி அவர் குறிப்பிடுகிறார். நன்றாக உறங்கவும் உண்ணவும் செய்து, கடும் தவங்களைக் குறைத்ததும் அந்நிலை போய்விட்டதாம்! எவ்வளவு நடைமுறை அறிவு பாருங்கள். உறக்கமின்மையும் கவலையும் காது இரைச்சலைப் பெரிதாக்கிக் காட்டும். முற்றிலும் ஓசையற்ற அறையில் அது இன்னும் உரக்கக் கேட்கும். அதனால்தான் இரவில் மின்விசிறியின் ஓசையோ, மெல்லிய இசையோ அருகில் இருப்பது பலருக்கு உதவுகிறது. செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவி உதவுகிறது. அச்சத்தையும் எரிச்சலையும் கையாளக் கற்றுத்தரும் உளவியல் ஆலோசனையும் பயன் தருகிறது. ஒலிபெருக்கி, வெடி போன்ற பேரிரைச்சல்களிலிருந்து காதுகளைக் காத்துக்கொள்வதும் மிக அவசியம்.

நான்காவது, இதுவே மிக முக்கியமானது. அவர் இரைச்சலோடு சண்டை போடவில்லை. அது நிற்கட்டும் என்று வாழ்வை நிறுத்திவைக்கவும் இல்லை. பெரும்பாலானோரின் காது இரைச்சலை முழுவதும் போக்கிவிடும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் அதைக் கவனித்துக்கொண்டே இராமல் வேலையிலும் உறவுகளிலும் ஈடுபடும்போது, மூளை மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொள்கிறது. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் ஓசை நமக்குக் கேட்காமலே போவதில்லையா? அதுபோல இரைச்சல் இருக்கும், ஆனால் அது நம்மை ஆளாது. ஆலை ஓடட்டும், மாவு அரைபடட்டும் என்ற தெரேசாவின் வழியும் இதுதானே!

இது ஒரே நாளில் வருவதில்லை. முன்னேறியதுபோல் தோன்றிய பின்னும் ஓர் இரவு எல்லாம் பழையபடி ஆகிவிட்டதே என்று மனம் சோரும். அந்த இரவில், திரும்பப் படிக்கக்கூட முடியாத தலையோடு அடுத்த பக்கத்தை எழுதத் தொடங்கிய அந்த முதிய துறவியை நினைத்துக்கொள்வோம்.

கார்மேல் சபையினர் தந்தையாகப் போற்றும் எலியா இறைவாக்கினர் ஓரேபு மலையில் நின்றதும் நமக்குத் தெரியும். பெருங்காற்று வீசியது, நிலம் அதிர்ந்தது, தீ எழுந்தது. அவற்றுக்குப் பின்னரே மெல்லிய ஓசையில் அவர் ஆண்டவரின் உடனிருப்பை உணர்ந்தார். எலியாவுக்கு அந்தப் பேரோசைகள் ஓய்ந்தன. தெரேசாவுக்கோ, ஓசை ஓயாமலேயே இறைவன் கோட்டையின் நடு அறையில் காத்திருந்தார். நமக்கும் அவர் அப்படியே காத்திருக்கிறார்.

நம் குடும்பத்தில் காது இரைச்சலாலோ வெளியே தெரியாத வேறு நோயாலோ துன்புறும் ஒருவர் இருக்கிறாரா? உனக்கு ஒன்றுமில்லை என்று தள்ளிவிடாமல், இன்று அவர் அருகில் சற்று நேரம் அமர்ந்து கேட்போம்.

செபிப்போமாக: இரைச்சலின் நடுவிலும் புனித தெரேசாவுக்கு உம் அமைதியைத் தந்த இறைவா, வெளியே தெரியாத வேதனையைச் சுமக்கும் எம் சகோதர சகோதரிகளுக்குப் பொறுமையையும் நல்ல மருத்துவத்தையும் ஆறுதலான உறவுகளையும் தந்தருளும். எங்கள் காதுகள் ஓயாதபோதும் எங்கள் உள்ளம் உம்மில் இளைப்பாறச் செய்தருளும். ஆமென்.